கிணற்று உப்பும் இலைக் கருகலும்: தாம்பரம் பகுதி வெண்ணெய்ப்பழ மரங்களில் நோய்க்கணிப்பு

தாம்பரம், செம்பாக்கம், மேடவாக்கம் பகுதி வீடுகளில் வளரும் வெண்ணெய்ப்பழ (பட்டர் ஃப்ரூட்) மரங்களின் இலைகள் கோடையில் கருகினால், பூஞ்சை நோய் என்று முடிவுகட்டி காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளிப்பது வழக்கமாகிவிட்டது. இங்கே முதலில் ஐயுற வேண்டியது பூஞ்சையை அல்ல, போர்வெல் நீரின் குளோரைடை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இலையே சான்று தருகிறது. உப்புக் கருகல் முதிர்ந்த இலையின் நுனியில் தொடங்கி ஓரம் வழியே காம்பை நோக்கி இறங்கும். செம்பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் எல்லை தெரியும். தளிர்களில் பழுது இராது. ஆந்த்ராக்னோஸ் என்றால் புள்ளிகள் இலைப்பரப்பில் சிதறிக் கிடக்கும். இரும்புச்சத்துக் குறையில் இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். வேரழுகலில் மண் ஈரமாக இருக்கும்போதே மரம் வாடும். மேல்மண்ணைக் கையால் விலக்கிப் பார்த்தால் சல்லிவேர்கள் கறுத்து, தொட்டவுடன் முறியும்.

இந்திய தர நிர்ணய அமைப்பு குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடை ஏற்கிறது. மாற்று நீர் இல்லாவிடில் 1000 வரை அனுமதிக்கிறது. இந்த மரத்துக்கோ 100-ஐத் தாண்டினாலே தொல்லை தொடங்கிவிடும். மனிதர் குடிக்கத் தகுந்த நீரே இலையைச் சுடும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். வேர்த்தூவிகள் ஏறக்குறைய இல்லாத இம்மரத்தின் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்பவை. தினமும் ஒரு குடம் ஊற்றினால் நீர் ஆவியாகும், உப்பு அந்த அடுக்கிலேயே தங்கும். ஆர்.ஓ. எந்திரத்தின் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு விடுவது இன்னும் கெடுதல். அது வடிகட்டி ஒதுக்கிய உப்பின் திரட்டு. நீரில் கரைந்த மொத்தத் திடப்பொருளைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் இங்கே போதாது. பல்லாவரத்துச் சார்னோகைட் பாறை சூழ்ந்த இப்பகுதியில் நீரின் கடினத்தன்மையும் அந்த எண்ணைக் கூட்டும். குளோரைடைத் தனியே சோதிக்க வேண்டும்.

சிகிச்சை எளிது, ஆனால் ஒரு முரண் உண்டு. அன்றாடம் சிறிது ஊற்றுவதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக நனைத்தால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பில் தொட்டி வைத்திருப்போர் அந்த நீரைக் கத்திரி வெயில் காலத்துக்கு ஒதுக்கலாம். ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய களிமண்ணில் இதே ஆழ நீர் தேங்கி வேரழுகலை அழைத்துவரும். உப்பால் நலிந்த வேரை, அழுகலை உண்டாக்கும் ஃபைட்டோப்தோரா எளிதில் பற்றும். அங்கே மேடு கட்டி நடாமல் ஆழ நீர்ப்பாய்ச்சலைப் பரிந்துரைப்பது தவறு. ஓரக் கருகலைச் சாம்பல்சத்துக் குறை என்று எண்ணி மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் இடுவோரும் உண்டு. அந்த உரத்தின் எடையில் பாதிக்குச் சற்றே குறைவு குளோரைடு. தேவையெனில் சல்பேட் வடிவப் பொட்டாஷையே இட வேண்டும்.

கருகிய இலை மீளாது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் விட்ட தளிர்கள் அடுத்த கோடையில் எப்படி நிற்கின்றன என்பதைக் கொண்டே சிகிச்சையை மதிப்பிட முடியும். அப்போதும் நுனி கருகினால் மருந்தை மாற்றுவதில் பயனில்லை. உப்பை மிகுதியாகத் தாங்கும் மேற்கிந்தியத் தீவு இனத்து வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றுக்கு மாற வேண்டும்.