படைவீடும் பயண நூலும்

வெளிநாடு செல்லத் திட்டமிடுவோர் வழிகாட்டி நூலை எவ்வளவு நம்பலாம்? ஆரணிக்கு அருகிலுள்ள படவேடு இதற்கு விடை தருகிறது.

9-ஆம் நூற்றாண்டிலேயே, அப்பாஸிய அஞ்சல் அதிகாரியான இப்னு குர்தாத்பிஹ் ‘கிதாபுல் மஸாலிக் வல் மமாலிக்’ நூலில் வழிகளையும் தொலைவுகளையும் வகுத்தளித்தார். இத்தகைய நூல்களின் பயனை எவரும் மறுப்பதற்கில்லை.

1340-களில் மஅபர் எனப்பட்ட நம் கிழக்குக் கரையில் இறங்கிய இப்னு பதூதா, மதுரை சுல்தானின் பாளையத்தையும் மதுரையைத் தாக்கிய கொள்ளைநோயையும் விவரித்துள்ளார். ஆயினும் அக்காலத்தில் சம்புவராயர்களின் தலைநகராய் விளங்கிய படைவீட்டின் (இன்றைய படவேடு) பெயரை அவருடைய ‘ரிஹ்லா’வில் நாம் காணவில்லை. இது நூலின் பிழையன்று. ஆசிரியர் சென்ற வழியையே நூல் அறியும்.

மேலும், அதனை எழுதி முடித்த இப்னு ஜுஸய், மக்கா, மதீனா பற்றிய வருணனைகளில் பெரும்பகுதியை இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்தாண்டார். இப்னு ஜுபைர் அந்நகரங்களைக் கண்டதோ 1183-84இல்! புதிய நூலிலும் பழைய செய்தி புகுந்துவிடுகிறது.

ஹதீஸை ஏற்குமுன் அறிவிப்பாளர் தொடரை ஆராயும் மரபு நம்முடையது. வழிகாட்டி நூலிடமும் அவ்வாறே வினவுவோம்: கண்டவர் யார்? எந்த ஆண்டில் கண்டார்? எவ்வழியே சென்றார்? அதன் பின்னரே பயணச்சீட்டு வாங்குதல் நலம்.