பெட்டி பதினாறும் பெட்டி இருபத்துநாலும்

பாசிக்குடாக் கடலில் எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேலே தண்ணி ஏறுவதற்கு நேரமெடுக்கும். அத்தான் அப்படி நின்றுகொண்டுதான் கேட்டார். “தம்பி, நான் போன வருசம் எடுத்தது பத்தாயிரம் டொலர். பிறகேன் இவனுகள் பதினையாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் எண்டு போட்டிருக்கிறானுகள்?”

யாரும் அப்படிப் போடவில்லை. ஸ்காபரோவிலிருந்து மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரித் துண்டில் இரண்டு பெட்டிகளைப் பார்த்து, அவரே கூட்டிக்கொண்டார். வயது எழுபத்துநாலு முடிந்தவர். முப்பது வருடம் கனடாவில் உழைத்துவிட்டு, குளிர்காலத்துக்கு மட்டும் இங்கே வந்துபோகிறார். வீடு அக்காவின் சீதனம். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தானே. நான் ரொறன்ரோவில் சில காலம் ஆட்களுக்கு வரிப்படிவம் நிரப்பிக்கொடுத்தவன். கரைக்கு வந்து போனை வாங்கிப் பார்த்தபோது, பள்ளிக்கூடத்தில் செய்யுளுக்குப் பதம் பிரித்துப் பொருள் சொன்னதுபோல இதற்கும் சொல்லிவிடலாமென்று தோன்றியது. எழுதியவன் சுருக்கமாக எழுதியிருக்கிறான், வாசிப்பவன் அவசரப்படுகிறான். உரை தேவைப்படுவது இப்படியான இடத்தில்தான்.

தலைப்பு: “பதிவுசெய்த ஓய்வுகால வருமான நிதியத்திலிருந்து பெற்ற வருமானம்”

ரீ-4-ரிஃப் என்று அங்கே சொல்வது இந்தத் துண்டைத்தான். ‘வருமானம்’ என்ற சொல்தான் அத்தானை உறுத்துகிறது. “என்ட காசை நான் எடுத்தா அது எப்படி வருமானம்?”

1957இல் கனடா ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற சேமிப்பைத் தொடங்கியது. அதில் போடும் காசு அந்த வருடத்து வருமானத்திலிருந்து கழிபடும். ஃபக்டரிச் சம்பளத்தில் அத்தான் போட்ட ஒவ்வொரு டொலருக்கும் அன்றைக்கு வரி கட்டவில்லை. அதை எல்லாரும் வரி விலக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வரித் தவணை. தவணை முடிகிற நாளைச் சட்டம் வயதால் குறித்திருக்கிறது: 71 ஆகும் வருடத்தின் டிசம்பர் 31. அதற்குள் முழுவதையும் எடுக்கலாம், அல்லது ஆயுள்வரை மாதாமாதம் தரும் ஒப்பந்தம் ஒன்றை வாங்கலாம், அல்லது ரிஃப் என்ற நிதியத்துக்கு மாற்றலாம். 1978இலிருந்து இருக்கும் இந்த ரிஃபைத்தான் பெரும்பாலானவர்கள் பிடிக்கிறார்கள். அத்தானும் 2022 கடைசியில் அதைத்தான் செய்தார்.

பாசிக்குடா ஹோட்டல்களில் வேலை செய்யும் நம்முடைய பெடியன்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. சம்பளத்தில் 8 வீதம் தாங்களும் 12 வீதம் முதலாளியும் கட்டுகிறார்கள். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வரும்வரை எடுக்க விடமாட்டார்கள் என்பதுதான் இங்கே முறைப்பாடு. அங்கே, வைத்திருக்க விடமாட்டார்கள் என்பது.

துண்டில் இல்லாத சொல்: “ஆகக் குறைந்த தொகை”

வருவித்து உரைக்கவேண்டிய சொல் இது. இதைச் சுற்றித்தான் எல்லாப் பெட்டிகளும் நிற்கின்றன, ஆனால் இதற்கென்று ஒரு பெட்டி கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு வரும் 1099-ஆர் துண்டிலும் அப்படித்தான். ஓய்வுக் கணக்கிலிருந்து இவ்வளவு எடுத்தாய் என்று இருக்கும், இவ்வளவு எடுத்திருக்கவேண்டும் என்று இராது.

ரிஃபில், தொடங்கியதற்கு அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் குறைந்தது இவ்வளவு வெளியே வரவேண்டும் என்று விதி. ஜனவரி 1இல் நிதியத்தின் பெறுமதி, அன்றைக்கு உங்கள் வயதுக்குரிய வீதம், இரண்டையும் பெருக்கவேண்டும். 71க்கு 5.28 வீதம், 73க்கு 5.53, 80க்கு 6.82, 95லிருந்து 20. முன்பு 71க்கே 7.38 வீதமாக இருந்தது. ஆட்கள் நீண்டகாலம் வாழ்கிறார்கள், வட்டியோ குறைந்துவிட்டது என்று 2015இல் இறக்கினார்கள். சந்தை விழுந்த 2008இலும் கொரோனா வந்த 2020இலும் அந்தந்த வருடத்துக்கு மட்டும் காற்பங்கு குறைத்தார்கள்.

2025 ஜனவரி 1இல் அத்தானின் ரிஃபில் 80,000 டொலர். 5.53 வீதப்படி 4,424. அவ்வளவுதான் கட்டாயம்.

இங்கே ஒரு வருத்தம் எனக்கு. ரிஃப் தொடங்கும்போதே, முதற்காசு வெளியே வருமுன், மனைவியின் வயதை வைத்துக் கணக்குப் போடும்படி கேட்டிருக்கலாம். அக்கா நாலு வயது இளையவர். 69க்கு 4.76 வீதம், சுமார் 3,810 டொலரோடு முடிந்திருக்கும். இனிக் கேட்டால் மாற்றமாட்டார்கள். என்னிடம் அப்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எடுத்தால் செலவழித்தாக வேண்டுமென்றும் இல்லை. 2009இலிருந்து இருக்கும் ரீ.எஃப்.எஸ்.ஏ. கணக்கில் இடமிருந்தால் அதில் போடலாம். அங்கே வளர்வதற்கு வரி இல்லை. சட்டம் கேட்பது காசை வெளிச்சத்துக்குக் கொண்டுவா என்பதுதான்.

பெட்டி 16: “வரிக்குரிய தொகை” – 10,000

வருடத்தில் எடுத்தது முழுவதும் இதுதான். படிவத்தில் வருமானமாக எழுதவேண்டியதும் இது ஒன்றுதான். 65 வயது ஆனவர் 11500ஆம் வரியில் எழுதவேண்டும், அதற்கு இளையவர் பெரும்பாலும் 13000ஆம் வரியில். எழுதும் வரி எண் மாறினால் என்னவென்று கேட்பவர்கள் உண்டு. 11500இல் எழுதினால் அது ஓய்வூதிய வருமானம். அப்போது 2,000 டொலர்வரைக்கும் 31400ஆம் வரியில் சலுகை கேட்கலாம். பாதிவரை அக்காவின் கணக்குக்குப் பிரித்தும் காட்டலாம், அதற்கு ரீ-1032 என்ற படிவத்தில் இருவரும் கையெழுத்து வைக்கவேண்டும். 13000இல் எழுதிவிட்டால் இந்த வாசல்கள் திறக்காது.

பெட்டி 24: “மேலதிகத் தொகை” – 5,576

குழப்பம் முழுவதும் இங்கேதான். மேலதிகம் என்றால் எதற்கு மேலே? பெட்டி 16க்கு மேலே என்று அத்தான் வாசித்தார். பொருள் அதுவல்ல. துண்டில் இல்லாத அந்தச் சொல்லுக்கு, ஆகக் குறைந்த தொகைக்கு, மேலே என்று பொருள். பெட்டி 24, பெட்டி 16க்குள் அடங்கியது. கூட்டக்கூடாது.

கழிக்கலாம். 10,000இலிருந்து 5,576 போனால் 4,424. மறைந்திருந்த சொல் இப்போது கையில் வருகிறது.

பெட்டி 28: “பிடித்த வருமான வரி” – 1,115.20

கட்டாயமாக வரும் காசில் வங்கி வரி பிடிக்காது. மேலதிகத்தில்தான் பிடிக்கும்: 5,000 வரைக்கும் 10 வீதம், அதைத் தாண்டி 15,000 வரைக்கும் 20, அதற்கும் மேலே 30. கியூபெக்கில் வேறு வீதங்கள். 5,576 முழுவதுக்கும் 20 வீதம் பிடித்திருக்கிறார்கள். ஆகவே அத்தானின் கைக்கு வந்தது 8,884 டொலர் 80 சதம். ஒரே காசுக்கு அவரிடம் மூன்று கணக்கு இருந்ததில் ஆச்சரியமில்லை.

பிடித்த வரியை 43700ஆம் வரியில் எழுதினால் கட்டவேண்டியதில் கழியும். கட்டாயத் தொகையை மட்டும் எடுப்பவர்களுக்குத்தான் கவனம் வேண்டும். அவர்களுடைய பெட்டி 28 வெறுமையாக இருக்கும். வரியே இல்லையென்று நிம்மதியாக இருப்பார்கள். ஏப்ரல் 30க்குக் கிட்ட நெஞ்சு அடிக்கும்.

பெட்டி 18ம் 30ம் இறந்தவர்களுக்கானவை, விட்டுவிடலாம். மற்றவையும் அத்தானுக்கு வெறுமைதான்.

“எடுக்க மறந்திருந்தா தண்டமோ?” என்று கேட்டார். அமெரிக்காவில் உண்டு. அங்கே 73 வயதிலிருந்து கட்டாயம். எடுக்காமல் விட்ட தொகையில் 25 வீதம், நேரத்தோடு திருத்தினால் 10 வீதம். முன்பு அது 50ஆக இருந்தது. கனடாவில் அந்தப் பொறுப்பு நிதியத்தை நடத்துபவருடையது. வருடம் முடியுமுன் அவர்களே கணக்கில் போட்டுவிடுவார்கள்.

“நான் இஞ்சயே இருந்திட்டா?” அப்போது துண்டே மாறிவிடும். கனடாவில் வசிக்காதவருக்கு என்.ஆர்.-4 என்று வேறொன்று வரும். 25 வீதம் பிடிப்பார்கள், இலங்கையோடுள்ள வரி ஒப்பந்தத்தைக் காட்டிக் குறைக்கக் கேட்கலாம். மூன்று மாதம் வந்துபோகிறவருக்கு அது தேவையில்லை.

பின்னேரம் மகள் இன்னொரு செய்தி அனுப்பினாள். இந்த வருடம் ஜனவரி 1இல் ரிஃபில் 73,500. வயது 74, வீதம் 5.67. அத்தான் கல்குலேட்டரில் தானே தட்டினார்: 4,167.45.

“வீதம் கூடியிருக்கு, காசு குறைஞ்சிருக்கே தம்பி?”

நான் வீட்டு முகட்டைக் காட்டினேன். போன வருடம் எடுத்த மேலதிகம் அங்கே புது ஓடாகக் கிடந்தது.