மின்சாரக் காரும் எஸ்டேட் லேத்தும்

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் பல வீடுகளுக்குச் சோறு போடுவது அம்பத்தூர் எஸ்டேட்தான். லேத், கியர் கட்டிங், கிரைண்டிங்னு சின்னச் சின்ன பட்டறைகள். அதில் நிறைய வேலை பெட்ரோல், டீசல் இன்ஜின் பாகங்களை நம்பித்தான் ஓடுது. "எலெக்ட்ரிக் கார் வந்துட்டா நம்ம கதி என்னப்பா?" என்று பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள் கேட்டார். பதில் தேடப் போய், கார் கம்பெனிகள் எதை வைத்து முடிவெடுக்கின்றன என்ற பழைய கதைக்குள் நுழைந்துவிட்டேன்.

முதலில் ரேவா. பெங்களூரில் செய்த இந்தக் குட்டி மின்கார் 2001-ல் விற்பனைக்கு வந்தது. நம் ஊரில் பெரிதாகப் போணியாகவில்லை. ஆனால் லண்டனில் 'ஜி-விஸ்' என்ற பெயரில் ஓடியது. காரணம் எளிது. 2003 முதல் லண்டன் நடுப்பகுதிக்குள் கார் ஓட்ட நெரிசல் கட்டணம் கட்டணும், மின்காருக்கு அப்போது விலக்கு இருந்தது. பெங்களூர் காருக்கு வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுத்தது லண்டன் சலுகை!

இங்கே 2010 நவம்பரில் மத்திய அரசு மின்வண்டிகளுக்கு மானியம் அறிவித்தது. காருக்கு விலையில் 20 சதவீதம், அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய். 2012 மார்ச்சோடு அது முடிந்தது. அடுத்த திட்டமான 'ஃபேம்' வந்தது 2015 ஏப்ரலில்தான். நடுவில் மூன்று வருஷம் இடைவெளி. நாளைக்கு இருக்குமா என்றே தெரியாத சலுகையை நம்பி எந்த முதலாளி புது லைன் போடுவார், சொல்லுங்க?

சலுகை யாருக்கு என்பதும் முக்கியம். 2019-ல் வந்த ஃபேம் இரண்டாம் கட்டத்தில் சொந்த உபயோகக் காருக்கு மானியமே கிடைக்கவில்லை. டாக்சி மாதிரி வணிக வண்டிகளுக்குத்தான். அதற்கு முன்பே, 2017-ல், அரசு நிறுவனமான இ.இ.எஸ்.எல். 10,000 மின்கார்களுக்கு டெண்டர் விட்டிருந்தது. அதனால் டாடா டிகோர், மஹிந்திரா இ-வெரிட்டோ போன்ற மின்கார்கள் முதலில் அரசு அலுவலகங்களுக்கும் டாக்சிக்காரர்களுக்கும்தான் போயின.

நம்ம பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கோனா 2019 ஜூலையில் வந்தது. அதற்கு ஃபேம் மானியம் இல்லை. ஆனால் ஆகஸ்ட் 1 அன்று மின்வண்டி ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமானதும், விலை சுமார் ஒன்றரை லட்சம் இறங்கியது.

2021-ல் கணக்கு மாறியது. ரூ.25,938 கோடி உற்பத்தி ஊக்கத் திட்டத்தில் பணம் வாங்குபவருக்கு இல்லை, செய்பவருக்கு. நிபந்தனை, மதிப்பில் பாதியாவது உள்நாட்டில் உருவாகணும். கார் கம்பெனி உள்ளூரில் பாகம் தேடுவதற்கு இது ஒரு நல்ல காரணம்.

ஆனால் உதிரி பாகக் கம்பெனி நேரடியாக இதில் சேர குறைந்தது 500 கோடி ரூபாய் வருமானம் காட்ட வேண்டியிருந்தது. எங்கள் அண்ணன் வேலை பார்க்கும் பட்டறையில் இருப்பது மொத்தம் நாலு லேத்.

அண்ணனுக்கு நான் சொன்னது இதுதான்: மோட்டார் ஷாஃப்ட், கியர் எல்லாம் மின்காரிலும் உண்டு, கடைசல் வேலை ஒரேயடியாகப் போய்விடாது. ஆனால் பிஸ்டன், வால்வு வேலைக்கு அங்கே இடமில்லை. புது மெஷின், புது அளவுக்கருவி வாங்கப் பட்டறைக்குப் பணம் வேணும். கார் கம்பெனியை மாற வைக்க இத்தனை சலுகை தேவைப்பட்டதென்றால், நாலு லேத் பட்டறை மட்டும் எப்படித் தானாக மாறும்?