திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் அயல்நாட்டுப் பணியாளர்களின் மருத்துவக் காப்பீடு

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதி என்பது சென்னைக்குத் தென்மேற்கே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் ஆகிய சிப்காட் வளாகங்களைச் சேர்த்துச் சொல்லும் பெயர். கொரியா, ஜப்பான், ஜெர்மனி, பிரான்சு முதலிய நாடுகளின் நிறுவனங்கள் 1990களின் இறுதியிலிருந்து இங்கே ஆலைகளை அமைத்தன. அவற்றோடு அந்தந்த நாட்டுப் பொறியாளர்களும் மேலாளர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் வந்தனர். அவர்கள் நோயுற்றால் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்குக் கடந்த கால் நூற்றாண்டில் கிடைத்த விடைகளை இக்கட்டுரை கூறுகிறது.

முன்வரலாறு

அயல்நாட்டில் வேலை செய்ய வந்தவருக்கு முதலாளியே மருத்துவம் பார்ப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1664ஆம் ஆண்டு சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், முகவர் சர் எட்வர்டு விண்டர் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற படைவீரர்களுக்காக ஒரு சிறு மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1772இல் அது கோட்டைக்கு வெளியே இப்போதைய இடத்திற்கு மாறியது. உள்ளூர் மக்களுக்கு அதன் கதவு திறந்தது 1842இல்தான். அதாவது, நம் மாநிலத்தின் மிகப் பெரிய பொது மருத்துவமனை அயல்நாட்டு ஊழியருக்கான மருத்துவமனையாகவே பிறந்தது. திருப்பெரும்புதூரில் 1991 மே 21 அன்று கொல்லப்பட்ட ராஜீவ் காந்தியின் பெயரை அது 2011 முதல் தாங்கி நிற்கிறது.

ஆலைகளின் வருகை

ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம் 1996இல் பதிவு செய்யப்பட்டது. அதன் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998இல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. பின்னர் பிரான்சின் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை (2000), பின்லாந்தின் நோக்கியா கைப்பேசி ஆலை (2006, 2014இல் மூடப்பட்டது), ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார் ஆலை (2010), டைம்லர் கனரக வாகன ஆலை (2012) ஆகியவை வந்தன. ஹூண்டாய் வந்தபோது அதற்கு உதிரிப்பாகம் செய்யும் கொரிய நிறுவனங்களும் உடன் வந்தன என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பெரிய நிறுவனத்தின் மேலாளருக்குக் கிடைக்கும் காப்பீடு, சிறிய உதிரிப்பாக நிறுவனத்தின் ஆளுக்கும் கிடைக்கும் என்று கட்டாயமில்லை.

உள்நாட்டுத் திட்டங்கள் ஏன் பொருந்தவில்லை

இந்தியாவில் ஆலைத் தொழிலாளருக்கான அடிப்படைக் காப்பீடு இ.எஸ்.ஐ. திட்டம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கப்பட்ட இது, தமிழ்நாட்டுக்கு 1955இல் கோயம்புத்தூர் வழியாக வந்தது. இத்திட்டத்திற்கு ஒரு சம்பள உச்சவரம்பு உண்டு. மாதம் 15,000 ரூபாயாக இருந்த அது 2017 சனவரி முதல் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

அயல்நாட்டவருக்கு வேலை விசா கொடுக்க இந்திய அரசு ஒரு சம்பளக் கீழ்வரம்பை வைத்திருக்கிறது. முதலில் ஆண்டுக்கு 25,000 அமெரிக்க டாலர் என்றிருந்த அது, பிறகு 16.25 லட்சம் ரூபாய் என்றானது. மாதக் கணக்கில் இது சுமார் 1,35,000 ரூபாய், இ.எஸ்.ஐ. உச்சவரம்பைப் போல ஆறு மடங்குக்கும் மேல். ஆகவே அயல்நாட்டவரை இ.எஸ்.ஐ.யிலிருந்து விலக்க வேண்டும் என்று யாரும் தனியாகச் சட்டம் எழுதத் தேவைப்படவில்லை. ஒரு விதியின் தரையும் மற்றொரு விதியின் கூரையும் சேர்ந்து அதைச் செய்துவிட்டன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமோ (2012) குடும்ப அட்டையையும் குடும்ப வருமானத்தையும் அடிப்படையாகக் கொண்டது. அதுவும் இவர்களுக்கு எட்டாது.

விசாவின் சம்பளக் கீழ்வரம்பிலிருந்து விலக்குப் பெற்றவர்களும் உண்டு. மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு வகை. தம் நாட்டு உணவைச் சமைக்க வரும் சமையற்காரர்கள் இன்னொரு வகை. பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிக் கொரிய எழுத்துப் பலகை தொங்கும் உணவகங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அத்தகைய கடையில் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்தால் இ.எஸ்.ஐ. பொருந்தாது, பன்னாட்டு நிறுவனத்தின் குழுக் காப்பீடும் இல்லை. இத்துறை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மேலாளர்களைப் பற்றியே எழுதுகிறார்கள். உண்மையில் காப்பீடு இல்லாமல் நிற்கக்கூடியவர் அந்தச் சமையற்காரர்தான்.

தாய்நாட்டுக் காப்பீடு எவ்வளவு தூரம் வரும்?

நாட்டுக்கு நாடு விடை வேறுபடுகிறது.

தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டை 1883லேயே சட்டமாக்கிய நாடு ஜெர்மனி. அங்கே பொதுக் காப்பீட்டில் இருக்கும் ஊழியரை நிறுவனம் வெளிநாட்டுக்கு அனுப்பினால், அங்கு நேரும் மருத்துவச் செலவை முதலில் நிறுவனமே ஏற்க வேண்டும். பிறகு, ஜெர்மனியில் அதே சிகிச்சைக்கு ஆகியிருக்கும் தொகை வரையில் காப்பீட்டு நிதியம் நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுக்கும். பிரான்சில், வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்கள் தாமாகச் சேர்ந்து சந்தா செலுத்த ஒரு தனி நிதியமே இருக்கிறது.

ஜப்பான் 1961இல் குடிமக்கள் அனைவரையும் மருத்துவக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. ஜப்பானிய நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டே ஒரகடத்துக்கு வந்தவர், இங்கே பெற்ற சிகிச்சைக்கு அங்கே பணம் கோரலாம். முதலில் முழுத் தொகையையும் கையிலிருந்து கட்ட வேண்டும். இங்குள்ள மருத்துவர் சிகிச்சை விவரப் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். அதற்கு ஜப்பானிய மொழிபெயர்ப்பும் வேண்டும். திரும்பக் கிடைப்பது ஜப்பானிய கட்டண விகிதப்படியான தொகை, உண்மைச் செலவு ஆகிய இரண்டில் குறைந்ததில் நோயாளியின் பங்கு போக மீதி.

கொரியாவின் நிலை இதற்கு நேர்மாறு. 1977இல் பெரிய நிறுவனங்களில் தொடங்கி 1989இல் நாடு முழுவதையும் தழுவிய அதன் தேசியக் காப்பீடு, வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. வெளிநாட்டில் பணிபுரியும் காலத்தில் பயன்கள் நிறுத்தி வைக்கப்படும். சார்ந்திருக்கும் குடும்பத்தினர் கொரியாவிலேயே இருந்தால் ஊழியர் பாதிச் சந்தா செலுத்துவார். எனவே இத்தொழிற்பகுதிக்கு முதலில் வந்த அயல்நாட்டுச் சமூகத்தினருக்குத் தாய்நாட்டுக் காப்பீடு இங்கே உதவவில்லை. நிறுவனம் எடுத்துத் தரும் தனியார் காப்பீடு, கைப்பணம், பொறுக்கக்கூடிய நோய் என்றால் விடுமுறையில் சியோலுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வது ஆகிய வழிகளே அவர்களுக்கு இருந்தன.

ஒப்பந்தங்களும் ஒரு குழப்பமும்

2008 அக்டோபர் 1 முதல் அயல்நாட்டுப் பணியாளர்களை இந்தியா வருங்கால வைப்பு நிதிக்குள் கொண்டுவந்தது. ஒரே ஆள் இரு நாட்டிலும் சந்தா கட்டும் நிலை வந்ததால், சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் விரைவு பெற்றன. கொரியாவுடனான ஒப்பந்தம் 2011 நவம்பரிலும், ஜப்பானுடனானது 2016 அக்டோபரிலும் நடைமுறைக்கு வந்தன. மாணவர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 'சமூகப் பாதுகாப்பு' என்ற பெயரைப் பார்த்து இவை மருத்துவத்தையும் தழுவும் என்று பலர் எண்ணுகிறார்கள். இவ்விரண்டும் ஓய்வூதியத்தைப் பற்றியவை. மருத்துவச் செலவு பற்றி இவற்றால் ஒரு ரூபாயும் மாறவில்லை.

மருத்துவமனை வாசலில்

இந்தியாவில் 1986இல் பொதுத்துறை நிறுவனங்கள் 'மெடிக்ளெய்ம்' காப்பீட்டை அறிமுகப்படுத்தின. 2001இல் டி.பி.ஏ. எனப்படும் மூன்றாம் தரப்பு நிர்வாகிகளுக்கான விதிகள் வந்தபின் ரொக்கமில்லாச் சிகிச்சை பரவியது. இந்தியக் குழுக் காப்பீட்டில் சேர்க்கப்பட்ட அயல்நாட்டவருக்கு அட்டையைக் காட்டினால் போதும். வெளிநாட்டு நிறுவனத்தில் காப்பீடு செய்தவருக்கு அப்படியல்ல. அந்நிறுவனமோ அதன் உதவி மையமோ மருத்துவமனைக்குப் பணப்பொறுப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். நம் ஊரில் இரவு பத்து மணி என்றால் சியோலில் விடியற்காலை ஒன்றரை. கடிதம் வரும்வரை முன்பணம் கட்டச் சொல்வது வழக்கம். மொழி தெரியாத மனைவி, வயிற்றுவலியால் துடிக்கும் குழந்தை, ஆலையில் இரவுப் பணியில் கணவர் என்ற நிலையில், காப்பீட்டுத் தொகை எத்தனை கோடி என்பதைவிட உடன் வந்து பேச ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரா என்பதே பெரிதாகிவிடும்.

2020 மார்ச்சு 25 அன்று கொரோனா ஊரடங்கு தொடங்கி, வழக்கமான பன்னாட்டு விமானங்களும் நின்றபோது, 'ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்வது' என்ற வழி ஒரேயடியாக அடைபட்டது. ஏப்ரலில் சென்னையிலிருந்து கொரியாவுக்குச் சிறப்பு விமானங்கள் இயக்கப்பட்டன.

சாலை விபத்து

அயல்நாட்டவர் பலர் சென்னையில் குடியிருந்து நாள்தோறும் நெடுஞ்சாலையில் ஆலைக்கு வந்து போகிறவர்கள். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்சு எவரிடமும் குடியுரிமை கேட்பதில்லை. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை, இலவசமாக்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நேர்ந்தால் போதும். காப்பீட்டு அட்டை வேண்டாம், வேறு மாநிலத்தவரானாலும் வேறு நாட்டவரானாலும் தடையில்லை. பொறியாளர், மொழிபெயர்ப்பாளர், உணவகச் சமையற்காரர் மூவருக்கும் ஒரே விதியாகப் பொருந்தும் திட்டம் இது. திருப்பெரும்புதூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையின் எண்ணும் 48 என்பது தற்செயல்.