ஈரக்காற்றுக்கு ஒரு வழி

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில் வித்துரா என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து பிரியும் பாதையொன்று போனக்காடு தேயிலைத் தோட்டத்தை அடைகின்றது. அகத்தியர்கூடம் ஏறுவோர் புறப்படும் இடமும் அதுவே. இரு பருவமழைகளும் நனைக்கும் அம்மலைச் சரிவில் எதனையும் வெயிலை நம்பி உலர்த்துதல் அரிது.

பெரிய சலவைச்சாலைகளில் துணி உலர்த்தும் யந்திரங்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர், இத்தகைய தேயிலைத் தோட்டத்தில் வந்து நிற்க நேரிடும் என்றால் நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். சலவைத் துறையின் முதல் முயற்சிகள் எளியவை. பிரான்சில் போசோன் என்பவர் 1800ஆம் ஆண்டையொட்டி, துளையிட்ட உருளையில் துணியையிட்டு நெருப்பின்மேல் கையால் சுழற்றினார். அமெரிக்காவில் ஜார்ஜ் சாம்ப்சன் 1892இல் அடுப்பருகே துணி உலர்த்தும் சட்டத்திற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டிலும் வெப்பத்தைப் பற்றிய கவலையே மிகுதி. ஈரம் எங்கே போகும் என்ற கேள்வி பின்னுக்கு நின்றது.

அக்கேள்வியைத் தேயிலை முன்னுக்குக் கொணர்ந்தது. அக்காலத்தில் இலையைக் கரியடுப்பின்மேல் தட்டுகளில் பரப்பி வாட்டினர். 1864இல் அயர்லாந்திலிருந்து கச்சாருக்கு வந்த சாமுவேல் டேவிட்சன் என்னும் இளைஞர், இம்முறையைக் கண்டு மனநிறைவு கொள்ளாதவராய், குழாய்களில் சூடேற்றிய தூய காற்றை இலையினூடே செலுத்தும் யந்திரத்தை அமைத்தார். பாலைவனத்து வெங்காற்றின் பெயரால் அது 'சிராக்கோ' எனப்பட்டது. 1881இல் பெல்பாஸ்ட் நகரில் தம் தொழிற்சாலையை நிறுவினார்.

தேயிலை உலர்த்துவோர் உள்ளே புகும் காற்றின் உஷ்ணத்தை மட்டும் பார்ப்பதில்லை. வெளியேறும் காற்றின் உஷ்ணத்தையும் கவனிப்பர். அது ஏறக்குறைய 50 பாகைக்குக் கீழே இறங்கினால் ஈரம் வெளியேறாமல் தேங்கி, இலை உலர்வதற்குப் பதிலாக வெந்து சுவை கெடும். 1898இல் டேவிட்சன் அமைத்த விசிறி இதற்குப் பெருந்துணையாயிற்று. முன்னோக்கி வளைந்த சிறு தகடுகள் பல கொண்ட அவ்வுருளை விசிறி, சிற்றிடத்திலேயே மிகுந்த காற்றைத் தள்ளியது. கப்பல்களுக்கும் சுரங்கங்களுக்கும் சென்ற அவ்வகை விசிறி, சலவை யந்திரங்களின் வயிற்றிலும் புகுந்தது. போனக்காட்டின் தொழிற்சாலை இன்று இயங்கவில்லை. அதற்காக மலையேறிய தமிழ்த் தொழிலாளரின் வழிவந்தோர் லயங்களில் வாழ்கின்றனர்.

சலவைச்சாலையின் கணக்கைப் பார்ப்போம். பிழிந்த 50 கிலோ துணியில் அதன் எடையில் பாதியளவு நீர் எஞ்சியிருந்தால், 25 கிலோ நீரை வெளியேற்றவேண்டும். நீர் கொதித்து ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகின்றது. அதனோடு சூடான காற்றும் சேர்ந்து வெளியேற ஒரே வழி தகரக் குழாய்தான். அதன் விட்டத்தைக் குறைத்தால், அல்லது முழங்கைபோல் பல இடங்களில் வளைத்தால், விசிறி திணறும். துணி உலராமல் எரிபொருள் மட்டும் தீரும். வெளியே போகும் அளவுக்கு உள்ளே காற்று வரவும் சாளரம் வேண்டும். இதனை மறந்த கட்டடங்கள் உண்டு. பழி யந்திரத்தின்மேல் விழுகின்றது.

தேயிலைக்கு இல்லாத தொல்லை ஒன்றும் சலவைக்கு உண்டு. துணியிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசு குழாயில் படிந்து எளிதில் தீப்பற்றும். ஆதலால் இரு துண்டுகளை இணைக்கையில், முன்துண்டின் நுனி காற்றோடும் திசையில் பின்துண்டினுள் நுழையவேண்டும். எதிராக இணைத்தால் விளிம்பில் தூசு தங்கும். உள்ளே துருத்தும் திருகாணியும் அவ்வாறே தூசைப் பிடித்துவைக்கும். எரிவாயுவால் சூடேறும் யந்திரமாயின், கசியும் குழாய் நச்சுவாயுவைத் தொழிலாளர் நிற்கும் அறைக்குள்ளேயே விடும். எனவேதான் குழாயைக் கூரைக்குள்ளோ சுவரிடுக்கிலோ முடித்துவிடாமல், கட்டடத்திற்கு வெளியே திறந்த வெளியில் கொண்டுசென்று விடுகின்றனர்; கைநுழைத்துத் துடைப்பதற்கு இடையிடையே மூடியிட்ட வாயில்களும் வைக்கின்றனர்.