சடை: தானா வந்ததா, நாமளா வளர்த்ததா?

இந்த எபிசோடை ஒரு ஈரத்தலையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்துல இருக்கு செண்பகத்தோப்பு. ஊர்க்காரங்களுக்கு அது காட்டழகர் கோயிலுக்குப் போற வழி. வனத்துறைக்கு, 2021-ல அறிவிச்ச ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தோட ஒரு பகுதி. எங்களோட வந்த நண்பன் ட்ரெட்லாக்ஸ் ஆரம்பிச்சு மூணு மாசம்தான் ஆகியிருந்தது. ஓடையில குளிச்சு எழுந்தவன், ஈரத்தோட முடியை அள்ளி உச்சியில கொண்டை போட்டுக்கிட்டான். பக்கத்துப் பாறையில ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். இடுப்பு வரைக்கும் சடை. அமாவாசைக்கு அமாவாசை சதுரகிரி ஏறுறவராம்.

"தம்பி, அதை அவுத்து விடு. ஈரச்சடையைக் கட்டி வச்சா உள்ளுக்குள்ள நாறிப்போகும். வெயில்ல காய வை" என்றார்.

"சாமி, உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"சீப்பை விட்டேன். அது வந்துச்சு."

இந்த ரெண்டு பதிலுக்கும் பின்னாடி பெரிய வரலாறு இருக்கு. முதல்ல 'சடை'ங்கிற சொல்லையே பாருங்க. பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு அம்மா பின்னி விடுற ரெட்டைச் சடையும் சடைதான், சிவன் தலையில கங்கையைத் தாங்குறதும் சடைதான். ஒன்னு சீப்பால வர்றது, இன்னொன்னு சீப்பை விட்டதால வர்றது.

இதுல ரெண்டாவது சடையைப் பற்றிய பழைய தமிழ்ப் பதிவு புறநானூற்றுல இருக்கு. 251, 252-ஆம் பாடல்கள். ரெண்டையும் பாடியவர் மாற்பித்தியார். ஒரு காலத்துல பெண்களை மயக்கித் திரிஞ்ச ஒருத்தன், இப்போ காட்டுல தவசியா இருக்கான். அருவியில குளிச்சுக் குளிச்சு அவன் சடையோட நிறமே மாறிப் போச்சு. தில்லை மரத்தோட அதை ஒப்பிடுறார் புலவர். இன்னொரு பாட்டுல, காட்டு யானை கொண்டுவந்து போட்ட விறகுல தீ மூட்டி, முதுகுல தொங்குற சடையை அவன் உலர்த்திக்கிட்டு இருக்கான்.

கவனிச்சீங்களா? அவனைக் காட்டணும்னதும் புலவருக்குக் கண்ணுல பட்டது ரெண்டு வேலை: குளிக்கிறது, காய வைக்கிறது. செண்பகத்தோப்புப் பெரியவர் சொன்னதும் அதேதான். சடைன்னா அழுக்கு, குளிக்காம கிடக்கிறவன் தலைங்கிற நம்ம நினைப்பு, அந்தப் பாட்டு முன்னாடி நிக்காது.

இதுக்குப் பின்னாடி அறிவியலும் இருக்கு. ஒவ்வொரு முடியிழை மேலயும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கு. தண்ணியும் உரசலும் சேரும்போது அந்தச் செதில்கள் ஒன்னுல ஒன்னு மாட்டிக்கும். கம்பளி நூல் துவைக்கத் துவைக்கச் சுருங்கி இறுகுறதும் இப்படித்தான். நம்ம தலையில இருந்து ஒரு நாளைக்கு 50-லிருந்து 100 முடி வரைக்கும் சாதாரணமா உதிரும். சீப்பு போட்டா அது சீப்போட வந்துடும். போடலைன்னா உள்ளேயே தங்கி, மத்த முடியைச் சுத்திக் கட்டும். எண்ணெயும் கண்டிஷனரும் இழைகளை வழுக்க வைக்கும், அதனால முடிச்சு விழ லேட் ஆகும். சுருட்டை முடிக்குச் சீக்கிரம் விழும்; நம்மில் பலருக்கு இருக்கிற நேர்முடிக்கு ஒரு வருஷத்துக்கு மேலகூட ஆகலாம்.

சரி, தானா வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதவங்க என்ன செஞ்சாங்க? வால்மீகி ராமாயணம் அயோத்தியா காண்டத்துல ஒரு காட்சி. கங்கைக் கரையில, படகு ஏறுறதுக்கு முன்னாடி, ராமன் குகன்கிட்ட ஆலம்பால் கேட்கிறான். குகன் கொண்டுவந்த அந்தப் பாலைத் தடவி ராமனும் லட்சுமணனும் சடை ஆக்கிக்கிறாங்க. இன்னைக்கு ட்ரெட்லாக் மெழுகு விக்கிறவங்களுக்கெல்லாம் குகன்தான் முன்னோடி! ஆனா நீங்க ஆலம்பாலைத் தொட வேண்டாம், தோல்ல அலர்ஜி வரலாம். மெழுகும் வேண்டாம், உள்ளே அழுக்கைப் பிடிச்சு வச்சுக்கும்.

அந்தக் கதையோட முடிவு இன்னும் முக்கியம். 14 வருஷம் கழிச்சுத் திரும்பி வந்ததும், பட்டாபிஷேகத்துக்கு முன்னாடி ராமன் சடையை நீக்கிக் குளிக்கிறான். ஆரம்பிச்சதும் அவன் முடிவு, முடிச்சதும் அவன் முடிவு.

எல்லாருக்கும் அந்த உரிமை கிடைக்கலை. கர்நாடகாவுல சவதத்தி எல்லம்மா கோயிலைச் சுத்தியுள்ள பகுதிகள்ல, ஒரு பெண் குழந்தையோட தலையில முடி சிக்குப் பிடிச்சா, அது அம்மன் கூப்பிடுற அடையாளம்னு நம்பினாங்க. அந்தச் சிக்குக்காகவே பிள்ளைகளைத் தேவதாசியா நேர்ந்து விட்டிருக்காங்க. 1982-ல கர்நாடகா இதைத் தடுக்கச் சட்டம் போட்டது. மகாராஷ்டிராவுல, நரேந்திர தாபோல்கர் தொடங்கின மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தினர், கழுத்து வலியோட வருஷக்கணக்கா சடையைச் சுமக்கிற பெண்கள்கிட்டப் பேசிப் புரிய வச்சு, அவங்க சம்மதத்தோட வெட்டி விடுறாங்க. வெட்டினா சாமி குத்தம்ங்கிற பயத்தை வெட்டுறதுதான் அதுல கஷ்டமான வேலை.

ஆனா சடை விழுந்த பெண்கள் எல்லாருமே பாவம்னு நாம முடிவு கட்டிடவும் முடியாது. இலங்கை மானுடவியலாளர் கணநாத் ஒபயசேகர, கதிர்காமத்துல சடையோட சாமியாடுற பெண்களோட வாழ்க்கையைப் பதிவு செஞ்சு 1981-ல 'மெடூசாவின் கூந்தல்'னு ஒரு புத்தகம் எழுதினார். தாங்க முடியாத துக்கத்துக்குப் பிறகு விழுந்த சடையை, தெய்வம் தனக்குத் தந்த பரிசுன்னு அந்தப் பெண்கள் சொன்னாங்க. அந்தச் சடைதான் அவங்களுக்கு ஊர் நடுவுல நின்னு பேசுற தைரியத்தைக் கொடுத்தது.

ஜமைக்காவுல கதை தலைகீழ். அங்கே ராஸ்தாஃபாரி மக்களுக்குச் சடை அவங்க நம்பிக்கை. அதை வெட்டினது அரசாங்கம். 1963-ல கோரல் கார்டன்ஸ் கலவரத்தைச் சாக்கா வச்சு அவங்களைப் பிடிச்சு அடைச்சு, சடையை அறுத்தாங்க. 2017-ல தான் அரசு மன்னிப்புக் கேட்டது. 1845-லிருந்தே இந்தியக் கூலித் தொழிலாளர்கள் போய் இறங்கின தீவு அது. ராஸ்தாஃபாரி முன்னோடி லியோனார்ட் ஹோவெல் தன் புத்தகத்துக்கு வச்சுக்கிட்ட புனைபெயர்ல 'கங்குங்குரு மராக்'னு இந்தியச் சாயல் இருக்கு.

ஒரு இடத்துல வெட்டுறது விடுதலை, இன்னொரு இடத்துல அதே வெட்டு வன்முறை. வித்தியாசம் கத்தரிக்கோல்ல இல்லை, யார் தலை, யார் முடிவுங்கிறதுல இருக்கு.

அதனால, ஆரம்பிக்கிறவங்களுக்கு நாலு விஷயம். வாரத்துக்கு ஒரு முறையாவது தலைக்குக் குளிங்க. வேர்ப்பக்கம் ரெண்டு சடை ஒட்டிக்க ஆரம்பிச்சா, கையால மெதுவாப் பிரிச்சு விடுங்க. சீப்பு செஞ்ச வேலையை இனி விரல்தான் செய்யணும். வேர் வலிக்கிற மாதிரி முறுக்காதீங்க, முடி நிரந்தரமாக் கொட்டிப் போகலாம். நாலாவது, நல்லாக் காய்ஞ்ச பிறகு தூங்குங்க.

அன்னைக்கு என் நண்பன் கொண்டையை அவுத்துட்டு, அந்தப் பெரியவர் பக்கத்துலயே வெயில்ல உட்கார்ந்தான். காய ரெண்டு மணி நேரம் ஆச்சு. கிளம்பும்போது கேட்டான்: "சாமி, பிடிக்கலைன்னா வெட்டிக்கலாமா?"

அவர் சிரிச்சார். "உன் தலைதானேப்பா."