பஞ்சம் என்று யார் சொல்வது?

மழை பொய்த்தது, பயிர் கருகியது, ஜனங்கள் செத்தார்கள் என்று மூன்று வாக்கியங்களில் பஞ்சத்தை முடித்துவிடுவது நம் பாடப்புத்தக வழக்கம். இதில் அரசு எங்கே நின்றது என்கிற கேள்வி எழுவதேயில்லை.

1873-74இல் பீகாரில் வறட்சி. ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி தருவித்தார். சாவு மிகக் குறைவு. 'வீண் செலவு' என்று அவர்மீது கண்டனம் பாய்ந்தது. அதே டெம்பிள் 1877 ஜனவரியில் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டபோது கையை இறுக்கிக்கொண்டார். நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் காசு. இதைத் தின்றுவிட்டு மண் சுமக்க முடியாது என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். சில மாதங்களில் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. பாட்டிமார் வாயில் தாது வருஷப் பஞ்சம் என்று வழங்கியது இதுதான். 1876-78இல் குறைந்தது 55 லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. ரயில் தானியம் கொண்டுவந்தது உண்மை. வாங்கக் காசில்லாதவனுக்கு அதனால் என்ன? ஏற்றுமதியும் நிற்கவில்லை.

1880இல் பஞ்சக் கமிஷன் இதை ஓரளவு ஒப்புக்கொண்டது: நாட்டில் தானியம் இருக்கிறது, விவசாயக் கூலிக்கு வேலையும் காசும் இல்லை. அமர்த்தியா சென் 1981இல் உரிமை இழப்பு என்று விளக்கியதன் முன்னோடி என்று இதை வாசிக்கலாம். கமிஷனிலிருந்து பிறந்ததுதான் 1883இன் பஞ்ச விதித்தொகுப்பு. விலை ஏறுகிறதா, கடன் கிடைக்காமல் போகிறதா, ஜனங்கள் ஊரை விட்டு அலைகிறார்களா, திருட்டு கூடுகிறதா என்று மாவட்ட அதிகாரி பார்க்க வேண்டும். பிறகு சோதனை வேலை திறக்க வேண்டும். குறைந்த கூலிக்கும் கூட்டம் வந்தால் பஞ்சம் உண்மை. பசித்தவன் தன் பசியைக் கல் உடைத்து நிரூபிக்க வேண்டும் என்பதுதான் இதன் தர்க்கம். ஆனாலும் ஒன்று நடந்தது: பஞ்சம் என்று அறிவித்துவிட்டால் நிவாரணம் தருவது அரசின் கடமை என்று எழுத்தில் ஏறியது.

அந்தக் கடமைதான் 1943இல் வங்காளத்தில் சிக்கலானது. ஜப்பானியர் கைக்குப் போகக்கூடாதென்று 1942இலேயே கடலோர மாவட்டங்களில் படகுகளைப் பறித்தார்கள். ஆறுகளே சாலையாக இருந்த நிலத்தில் படகு போனால் மீனும் போச்சு, சந்தையும் போச்சு. மீனவர்களும் நிலமற்ற கூலிகளும் லட்சக்கணக்கில் மடிந்தார்கள். பஞ்சம் என்று மட்டும் அறிவிக்கப்படவேயில்லை. அறிவித்தால் விதிப்படி படியளக்க வேண்டும், அளக்கத் தானியம் இல்லை என்றது அரசு. விதி புத்தகத்தில் பத்திரமாக இருந்தது.

1972-73 மகாராஷ்டிர வறட்சியில் கதை வேறு. நிவாரண வேலை கேட்டுக் கிராமத்து ஜனங்கள் ஊர்வலம் போனார்கள், முற்றுகையிட்டார்கள். உச்சகட்டத்தில் ஏறத்தாழ 50 லட்சம் பேருக்கு வேலை கிடைத்தது. அந்த அனுபவம் 1977இல் வேலை உறுதிச் சட்டமாயிற்று.

இன்று செயற்கைக்கோள் படம், மழை வரைபடம், 2004இல் சோமாலியாவில் உருவான ஐந்து கட்ட அளவுகோல் எல்லாம் இருக்கின்றன. அதே சோமாலியாவில் 2010லிருந்தே எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. பஞ்சம் என்று 2011 ஜூலையில்தான் அறிவித்தார்கள். செத்தவர்கள் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம். அதில் ஏறத்தாழப் பாதிப்பேர் அறிவிப்புக்கு முன்பே போய்விட்டவர்கள். அளவுகோல் துல்லியமாகிக்கொண்டே போகிறது. அதைப் படித்துவிட்டும் சும்மா இருக்கிற அரசைத் தெருவில் நின்று கேட்க அங்கே யாருக்கு வழி இருந்தது என்பதையும் சேர்த்தே பஞ்சத்தின் வரலாறு எழுதப்பட வேண்டும்.